மரத்தைத் தின்னும் காளான்களும் பட்டைப் புண்களும்

தறிக்கொட்டகைக்கு உத்திரம் வேண்டி நம் அங்கத்தினர் ஒருவர் பருத்த வேப்பமரம் ஒன்றை விலை பேசி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். இலை பசுமையாயிருக்கிறது. அடிமரம் இருவர் கைகோத்துக் கட்டிப் பிடிக்கும் பருமன் உடையது. ஆனால் மரத்தை வீழ்த்திப் பட்டறையில் அறுத்துப் பார்க்கும்போது, வைரம் இருக்கவேண்டிய இடத்தில் வெளுத்த சக்கையே காணப்படுகிறது. கொடுத்த விலையும், வெட்டுக் கூலியும், வண்டிச் சத்தமும் வீணாயின. அந்த மரத்தின் அடியில், தரையை ஒட்டி, உள்ளங்கை அகலத்தில் பழுப்பு நிறக் காளான் ஒன்று வளர்ந்திருந்ததை அவர் வாங்கும்போதே பார்த்தார். ஆனால் அதன் பொருள் இன்னதென்று அவருக்குத் தெரியவில்லை.

இன்னொருவர் சவுக்குப் பயிரிட்டவர். தோப்பின் ஒரு மூலையில் ஒரு மரம் காய்ந்தது. நீர் போதவில்லை என்று எண்ணி விட்டுவிட்டார். அடுத்த மழைக்காலம் கழிந்தபின் அதைச் சுற்றிலும் பல மரங்கள் காய்ந்து நின்றன. காய்ந்த முதல் மரத்தின் பட்டையை ஒருமுறை கையால் தடவிப் பார்த்திருந்தால், விரலில் ஒட்டிய கரிய தூளே அவருக்கு உண்மையைச் சொல்லியிருக்கும்.

மரம் வாய் திறந்து பேசுவதில்லை. எனினும் தன் நோயை ஏதேனும் ஓர் அடையாளத்தால் வெளியே காட்டியே தீர்கிறது. அவ்வடையாளங்களைப் படிக்கக் கற்பது மரம் வளர்ப்போருக்கும், மரத்தை வாங்கித் தறியும் கொட்டகையும் அமைப்போருக்கும் ஒருங்கே பயன் தருவதாகும். அதனை இயன்ற அளவு எளிதாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மரக்காளான் என்பது யாது?

மழைக்காலத்தில் கஞ்சியிட்ட பாவில் பூசணம் பிடிப்பதை நெசவாளர் யாவரும் அறிவர். முதலில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழைகள் நூலின்மீது படர்கின்றன. பின்னர்த்தான் பச்சையாகவோ கறுப்பாகவோ தூள் தோன்றுகிறது. மரத்தில் நிகழ்வதும் இதுவே. பூசணத்தின் இழைகள் மரத்தினுள் ஆண்டுக்கணக்கில் பரவி, மரத்தையே உணவாகக் கொண்டு வாழ்கின்றன. போதிய வளர்ச்சி அடைந்த பின்னரே வெளியே காளானாகத் தலைகாட்டுகின்றன. ஆகவே, நாம் காணும் காளான் நோயின் தொடக்கமன்று. உள்ளே நெடுநாளாக நடந்துவரும் வேலையின் விளைவு. மாமரத்திற்குக் காய் எவ்வாறோ, பூசணத்திற்குக் காளான் அவ்வாறு. காயைப் பறித்தால் மரம் அழியாததுபோல, காளானை வெட்டி எறிந்தாலும் உள்ளேயுள்ள பூசணம் அழிவதில்லை.

முற்காலத்தில் மேல்நாட்டாரும் இதனை அறிந்தாரில்லர். மரம் தானாக அழுகுகிறது, அழுகிய மரத்தில் காளான் பின்னர் வந்து குடியேறுகிறது என்றே நம்பினர். ஜெர்மனி தேசத்து ராபர்ட் ஹார்டிக் என்பவர் 1874, 1878 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட நூல்களில், மரத்தினுள் உள்ள இழைகளும் வெளியே உள்ள காளானும் ஒரே உயிரின் இரு பகுதிகள் என்பதையும், அழுகலுக்குக் காரணம் அப்பூசணமே என்பதையும் நிலைநாட்டினார். வன மரங்களின் நோய்களைப் பற்றிய தனிச் சாஸ்திரம் அவரிலிருந்தே தொடங்குகிறது. நம் நாட்டில் டேராடூனிலுள்ள வன ஆராய்ச்சி நிலையத்தில் பி. கே. பக்ஷி அவர்கள் நம் மரங்களில் வளரும் இத்தகைய காளான்களை ஆராய்ந்து, 1971-இல் விரிவான நூலாக வெளியிட்டார்.

காளானின் அடிப்புறத்திலிருந்து வெளிப்படும் நுண்ணிய வித்துத்தூள் காற்றில் மிதந்து செல்கிறது. கேனோடெர்மா வகையில் பெரியதொரு காளான் ஒரே நாளில் ஏறத்தாழ 3,000 கோடி வித்துக்களை வெளியிடக்கூடும் என்று கணக்கிட்டுள்ளனர். அவற்றில் மிகமிகச் சிலவே முளைக்கின்றன. முளைப்பதற்கு அவற்றுக்கு வாயில் வேண்டும். கிளை ஒடிந்த இடம், வண்டி உராய்ந்த இடம், தீயில் வெந்த பட்டை, ஏர்க்கொழு கிழித்த வேர் ஆகியவை அந்த வாயில்கள். பட்டை முழுமையாக உள்ள மரத்தினுள் நுழைவது பெரும்பாலான காளான்களுக்கு அரிது.

அழுகலின் மூன்று வகைகள்

மரத்தின் உடல் முக்கியமாக இரண்டு பொருள்களால் ஆனது. ஒன்று செல்லுலோஸ், நாம் நெய்யும் பருத்தி ஏறக்குறைய முழுவதும் இப்பொருளே. மற்றொன்று லிக்னின், இது செல்லுலோஸ் இழைகளை இறுகப் பிணைத்து மரத்துக்கு விறைப்பைத் தருகிறது. முன்னதை நூல் என்றும், பின்னதைக் கஞ்சி என்றும் கொண்டால் அழுகலின் வேறுபாடு எளிதில் விளங்கும்.

முதலாவது வெள்ளை அழுகல். இதனை உண்டாக்கும் பூசணங்கள் கஞ்சியாகிய லிக்னினைக் கரைக்க வல்லவை. நூலையும் உடன் தின்னும். எஞ்சும் மரம் வெளுத்து, நாராகப் பிரிந்து, ஈரத்தில் பிழிந்த பஞ்சுபோல் மெத்தென்று இருக்கும். சில மரங்களில் வெள்ளைப் பொட்டுப் பொட்டாகவும் தோன்றும். உயிருள்ள அகன்ற இலை மரங்களின் வைரம் கெடுவது பெரும்பாலும் இவ்வகையினாலே.

இரண்டாவது பழுப்பு அழுகல். இங்கே பூசணம் நூலைத் தின்று கஞ்சியை விட்டுவிடுகிறது. மரம் செம்பழுப்பாகி, குறுக்கிலும் நெடுக்கிலும் வெடித்து, சிறுசிறு கட்டங்களாகப் பிரியும். விரலால் நசுக்கினால் பொடியாகும். இவ்வகை அழுகலே மிகவும் வஞ்சகமானது. மரத்தின் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைவதற்கு முன்பே வலிமையில் பெரும்பகுதி போய்விடுகிறது. பார்வைக்கு முழுதாக நிற்கும் உத்திரம் திடீரென முறிவதற்கு இதுவே காரணமாவதுண்டு.

மூன்றாவது மென் அழுகல். எப்போதும் ஈரமாயிருக்கும் மரத்தின் மேற்பரப்பை மட்டும் இது தாக்கி, நகத்தால் சுரண்டக்கூடிய அளவுக்கு மென்மையாக்குகிறது. காய்ந்தபின் அப்பரப்பு நுண்ணிய கட்டங்களாக வெடித்திருக்கும். நீர்த்தொட்டிப் பலகைகளிலும், ஈர மண்ணில் நட்ட கம்பங்களிலும் இதனைக் காணலாம்.

காளானைக் கொண்டு இனம் காணல்

காளான் தோன்றும் இடத்தை முதலில் கவனிக்க வேண்டும். தரையை ஒட்டித் தோன்றினால் வேரும் அடிமரமும் கெட்டுள்ளன என்று கொள்க. நடுத்தண்டில், பழைய கிளை முறிந்த இடத்தில் தோன்றினால் வைரம் கெட்டுள்ளது. முன்னது காற்றில் மரம் வேரோடு சாய்வதற்கு அறிகுறி. பின்னது தண்டு முறிவதற்கு அறிகுறி.

அடுத்து, காளானின் உருவத்தைக் கவனிக்க வேண்டும். நம் பகுதிகளில் அடிக்கடி காணக்கூடியவை இவை:

கேனோடெர்மா: மேற்புறம் செம்பழுப்பாய், மெருகெண்ணெய் பூசியதுபோல் பளபளப்பாயிருக்கும், வளரும் விளிம்பு வெண்மை. அடிப்புறம் ஊசி முனையால் குத்தியதுபோன்ற நுண் துளைகள். சுற்றிலும் கோகோத் தூள் நிறத்தில் வித்துத்தூள் படிந்திருக்கும். வேரையும் அடிமரத்தையும் தாக்குவது. சவுக்கு, தென்னை முதலியவற்றின் அடியில் இதனைக் கண்டால் அலட்சியம் கூடாது.

பெல்லினஸ்: குதிரைக் குளம்பு வடிவில், மரம்போலவே கடினமாயிருக்கும். பல ஆண்டுகள் உயிரோடிருந்து ஆண்டுதோறும் அடியில் புதிய அடுக்கு சேர்க்கும். மேற்புறம் கருமையாய் வெடித்தும், உட்புறம் துருவின் நிறமாயும் இருக்கும். வடநாட்டில் கருங்காலி மரத்தின் வைரத்தைக் கெடுப்பதும், இமயமலைப் பைன் மரங்களின் வைரத்தைக் கெடுப்பதும் இவ்வினத்துக் காளான்களே.

ஷைசோபில்லம்: நகத்தளவே உள்ள சிறு விசிறிகள், மேற்புறம் சாம்பல் வெண்மையில் மயிர் போர்த்தது, அடிப்புறத்துச் செதில்கள் ஒவ்வொன்றும் நெடுக்கில் பிளந்திருக்கும். வெட்டிப் போட்ட கட்டைகளிலும் வெயிலில் வெந்த பட்டையிலும் மிகுதி. இது மரம் மிக நலிந்தது என்பதற்கு அடையாளம்.

பைக்னோபோரஸ்: குங்குமச் சிவப்பில் மெல்லிய தட்டு. இறந்த மரத்திலேயே பெரும்பாலும் வளரும்.

குளியோபில்லம்: பழுப்பு நிறம், அடிப்புறத்தில் துளைகளுக்குப் பதிலாகச் செதில்கள். வேலிக் கம்பங்களிலும், வெளியே கிடக்கும் அறுத்த மரங்களிலும் பழுப்பு அழுகலை உண்டாக்கும்.

மரம் வாங்குவோர்க்கு மிகப் பயன்படும் ஒரு குறிப்பை இங்கே சொல்லவேண்டும். தட்டு வடிவக் காளான்கள் தம் துளைப்புறம் தரையை நோக்கியிருக்குமாறு படுக்கைவசமாகவே வளர்கின்றன. கீழே கிடக்கும் கட்டையில் காளானின் துளைப்புறம் பக்கவாட்டில் திரும்பியிருந்தால், அது மரம் நின்றிருந்தபோதே வளர்ந்தது, அழுகல் பழையது. கிடக்கும் நிலையிலேயே துளைப்புறம் நேரே தரையை நோக்கியிருந்தால், மரம் வீழ்ந்த பின் வளர்ந்தது. விலை பேசுமுன் இதனைப் பார்ப்பது நன்று.

வெளியே தெரியாத அழுகல்

காளான் இல்லாமையால் மரம் நல்லது என்று துணியலாகாது. எளிய சோதனைகள் மூன்று உண்டு. மரச் சுத்தியால் அடிமரத்தைச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தால், நல்ல இடத்தில் கணீரென்ற ஓசையும், கெட்ட இடத்தில் மத்தளம்போன்ற தொய்ந்த ஓசையும் கேட்கும். சந்தேகமுள்ள இடத்தில் மெல்லிய துரப்பணத்தால் துளைத்து, வெளிவரும் தூளின் நிறம், மணம், ஈரம் ஆகியவற்றை நோக்கலாம். ஆனால் வளரவேண்டிய மரத்தில் இத்துளையும் ஒரு காயமே என்பதை நினைவிற்கொள்க. மூன்றாவது, அறுத்த மரத்துக்கு ஏற்றது. கூரிய கத்தியின் முனையை நார்வசத்தில் செருகிச் சிராய் ஒன்றை நெம்பியெடுக்க வேண்டும். நல்ல மரத்தில் நீண்ட சிராய் ஓசையுடன் பெயரும். கெட்ட மரத்தில் ஓசையின்றிக் கத்திமுனைக்கு நேரேயே குட்டையாக முறியும்.

உள்ளே பொந்து விழுந்த மரமெல்லாம் உடனே விழும் என்பதில்லை. சுற்றிலும் எஞ்சியுள்ள நல்ல மரத்தின் கனம், தண்டின் ஆரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருக்கிறதா என்று பார்ப்பது நிபுணர்கள் கைக்கொள்ளும் ஒரு பொது அளவு. அதற்குக் குறைந்தாலும், பொந்து ஒரு பக்கம் திறந்திருந்தாலும் ஆபத்து மிகும். தறிக்கொட்டகையின் மேலும், பிள்ளைகள் நடமாடும் இடத்தின் மேலும் கவிந்து நிற்கும் மரங்களை மழைக்கு முன்பே இவ்வாறு சோதித்துவிட வேண்டும்.

பட்டைப் புண் நோய்

அழுகல் மரத்தின் உடலைத் தின்பது. பட்டைப் புண்ணோ மரத்தின் தோலைத் தின்பது. பட்டைக்கும் மரத்துக்கும் இடையே ஈரமான மெல்லிய வளர்படலம் ஒன்று உண்டு. மரம் பருப்பது அதனால்தான். இலை சமைத்த உணவு வேருக்கு இறங்குவதும் உட்பட்டை வழியாகவே. பூசணம் இவ்விரண்டையும் ஓரிடத்தில் கொன்றுவிட்டால் அவ்விடம் குழிந்து, வெடித்து, பிசின் ஒழுகும் புண்ணாகிறது. புண் தண்டைச் சுற்றி வளைத்துவிட்டால், அதற்கு மேலுள்ள பகுதி மடிகிறது.

புண்ணில் பல வகை உண்டு. ஒரு பருவத்தோடு நின்று, பின்னர் மரத்தால் மூடப்படுவது ஒன்று. ஆண்டுதோறும் சிறிது சிறிதாகப் பரவுவது மற்றொன்று. இதில் மரம் விளிம்பில் மேடு கட்டுவதும், பூசணம் அதனைக் கொல்வதும் மாறிமாறி நிகழ்வதால் புண்ணில் வளையம் வளையமாக வரிகள் காணும். மரம் எதிர்க்க நேரமின்றி விரைந்து பரவுவது மூன்றாவது. இதற்கு மேடோ வளையமோ இராது. மரங்களை மிகுதியாகக் கொல்வது இதுவே.

புண்ணைச் சோதிக்கக் கத்தியால் மேற்பட்டையை மட்டும் மெல்லச் சீவிப் பார்க்க வேண்டும். நல்ல உட்பட்டை பச்சையாகவோ வெண்மையாகவோ ஈரமாயிருக்கும், மடிந்தது பழுப்பாயிருக்கும். இரண்டுக்கும் உள்ள எல்லையைக் கண்டு சாயத்தால் கோடிட்டு வைத்தால், ஒரு மாதம் கழித்துப் புண் பரவுகிறதா நிற்கிறதா என்பது தெளிவாகும். பட்டைமீது பட்டுப்போன்ற நூலாலும் எச்சத்தாலும் ஆன கூடு படர்ந்திருந்தால் அது பட்டை தின்னும் புழுவின் வேலை. துளையிலிருந்து மரத்தூள் உதிர்ந்தால் வண்டின் வேலை. மேற்கு வெயில் படும் பக்கத்தில் மட்டும் பட்டை வெந்து உரிந்தால் அது வெயிற்புண். இவற்றைப் பூசண நோயென்று எண்ணி மருந்து பூசினால் செலவே மிச்சம்.

சவுக்கின் கொப்புள நோய்

நம் கடற்கரை மாவட்டங்களின் சவுக்குத் தோப்புக்களில் மிகவும் அஞ்சத்தக்கது பட்டைக் கொப்புள நோய். முதலில் ஊசிபோன்ற சிறு கிளைகள் வெளிறி வாடும். மரம் மேலிருந்து காயும். பின்னர் தண்டின் பட்டையில் வெடிப்பும் கொப்புளங்களும் தோன்றும். கொப்புளம் வெடித்தால் உள்ளே கரும்புகைபோன்ற தூள் மிகுதியாக இருக்கும். தொட்டால் விரலில் ஒட்டும். இத்தூளே நோயின் வித்து. வேறு காரணத்தால் காய்ந்த சவுக்கில் இக்கொப்புளமும் தூளும் இரா; ஆதலால் இனம் காண்பது எளிது.

இந்நோயின் பூசணம் நெடுங்காலம் டிரைக்கோஸ்போரியம் வெசிகுலோசம் என்னும் பெயரால் வழங்கிற்று. இன்று அதன் பெயர் சுப்பிரமணியனோஸ்போரா வெசிகுலோசா. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பூசணவியல் அறிஞர் சி. வி. சுப்பிரமணியன் அவர்களைச் சிறப்பிக்கும் பெயர் அது.

காய்ந்து கொப்புளம் கட்டிய மரத்துக்கு மருந்து இல்லை. தூள் பறக்குமுன் அதனை வெட்டி, பட்டையையும் கட்டையையும் தோப்புக்குள்ளேயே எரித்துவிட வேண்டும். விறகென்று வண்டியிலேற்றி ஊர் வழியே கொண்டுசெல்வது, நோயை வழியெங்கும் விதைப்பதாகும். அடிக்கட்டையையும் வேரையும் தோண்டி அகற்றுதல் நலம். நெருங்க நட்டு வேரில் நீர் தேங்கவிட்ட தோப்பும், கத்தியால் கண்டபடி கவாத்துச் செய்த தோப்பும் எளிதில் நோய்க்கு இரையாகின்றன. கோயம்புத்தூரில் 1988-இல் நிறுவப்பட்ட வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனம் சவுக்கில் தேர்ந்த இனங்களை உருவாக்கி வருகிறது. புதுத் தோப்பு வைப்போர் அங்கு கேட்டறிந்து நாற்று வாங்குவது தக்கது. ஒரே தாய்மரத்தின் நாற்றைத் தோப்பு முழுவதும் நடாமல், பல இனங்களைக் கலந்து நடுவது காப்பாகும்.

இளஞ்சிவப்பு நோய்

மழை மிகுந்த மலைச்சாரலில் ரப்பர், தைலமரம், காப்பி, பலா முதலிய பல மரங்களைத் தாக்குவது இந்நோய். கிளை கவைக்கும் இடத்தில் ஈரம் தங்குவதால் அங்கேயே தொடங்கும். முதலில் சிலந்தி வலைபோன்ற வெள்ளை இழைகள் பட்டைமேல் படரும். பின்னர் வெளிர் சிவப்பான பூச்சு கிளையை மூடும். பட்டை வெடித்துப் பால் அல்லது பிசின் ஒழுகும். புண்ணுக்கு மேலுள்ள இலைகள் காய்ந்தும் உதிராமல் தொங்கும். கீழே புதுத் தளிர்கள் கொத்தாக வெடித்துக் கிளம்பும். கேரளத்தில் தைலமரத் தோட்டங்கள் இந்நோயால் பெருஞ்சேதம் அடைந்தன. குமரி மாவட்டத்து ரப்பர் விவசாயிகளும் இதனை நன்கறிவர்.

இதற்குப் போர்டோப் பசை சிறந்த காப்பு. மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, நீர் 10 லிட்டர் என்பது அளவு. நீரைச் சரிபாதியாகப் பிரித்துத் துத்தத்தைத் தனியாகவும் சுண்ணாம்பைத் தனியாகவும் மண் அல்லது பிளாஸ்டிக் கலத்தில் கரைத்துக்கொண்டு, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்புக் கலம் ஆகாது. தீட்டிய இரும்புக் கத்தியைக் கலவையில் சிறிது நேரம் நனைத்தெடுத்தால் அதில் செம்பு நிறம் படியலாகாது. படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அன்று கலந்ததை அன்றே பயன்படுத்திவிட வேண்டும். மழைக்கு முன்னர் இளமரங்களின் கவைகளில் இதனைப் பூசுவது, நோய் வந்தபின் பூசுவதைவிடப் பன்மடங்கு பயன் தரும்.

தென்னந்தோப்பு உடையார்க்கு ஒரு சொல்

கேனோடெர்மாவால் தென்னைக்கு வரும் அடித்தண்டழுகல், 1952-இல் தஞ்சை மாவட்டத்தில் காணப்பட்டதால் தஞ்சாவூர் வாடல் நோய் என்றே பெயர் பெற்றது. தண்டின் அடியில் செம்பழுப்பான சாறு கசிவதே முன் அறிகுறி. காளான் தோன்றுவது கடைசியில். சாறு கண்டவுடன் அம்மரத்தைச் சுற்றி 60 சென்டிமீட்டர் ஆழமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பள்ளம் தோண்டிப் பக்கத்து மரங்களின் வேரிலிருந்து பிரித்துவிட வேண்டும். நோயுற்ற மரத்தின் பாத்தியிலிருந்து நல்ல மரத்துக்கு நீர் பாயவிடலாகாது. மரத்துக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு இடுவதும், ஊடே வாழை பயிரிடுவதும் நோயைக் குறைக்கும்.

காயத்தைப் பேணும் முறை

மரங்களின் காயத்தைப் பற்றி அமெரிக்க வனத்துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஷைகோ என்பவர் ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து பார்த்து ஓர் உண்மையைக் கண்டார். நம் உடம்பைப்போல் மரம் புண்ணை ஆற்றிக்கொள்வதில்லை. கெட்ட பகுதியைச் சுற்றிச் சுவரெழுப்பி அதனை ஒதுக்கிவைக்கிறது. அதற்குமேல் புது மரத்தை வளர்க்கிறது. எனவே, அச்சுவரை உடைக்காதிருப்பதே நம் கடமை. கிளையை வெட்டும்போது, அது தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம்போல் புடைத்த பகுதி ஒன்று இருப்பதைக் காணலாம். அப்புடைப்பை விட்டு அதன் வெளிவிளிம்பில் வெட்டுக. தண்டோடு ஒட்ட மழித்தல் தவறு. முழ நீளம் மொட்டையாக விடுதலும் தவறு. பொந்தைச் சுரண்டி நல்ல மரத்தைத் தொடுவதும், சிமெண்டு அடைப்பதும் சுவரை உடைப்பதேயாகும். வெட்டுவாயில் தார் பூசுவதால் அழுகல் நிற்பதில்லை. இளஞ்சிவப்பு நோய்போலப் பட்டையைத் தாக்கும் நோய்களுக்குப் போர்டோப் பசை பூசுவது வேறு; வைர அழுகலைத் தார் பூசித் தடுக்கலாம் என்று நம்புவது வேறு.

வெட்டிய மரமும் தறி மரமும்

பூசணம் வாழ நீரும் காற்றும் இரண்டும் வேண்டும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அழுகல் தொடங்காது. முற்றிலும் நீரில் மூழ்கிய மரமும் காற்றின்மையால் விரைவில் கெடாது. மண்ணில் நட்ட கம்பம் எப்போதும் தரைமட்டத்திலேயே முறிவது ஏன் என்பது இதனால் விளங்கும். அங்கேதான் ஈரமும் காற்றும் கூடுகின்றன.

குழித்தறி வைத்திருப்போர் இதனைத் தம் தறியிலேயே காணலாம். குழியின் ஈரம் பட்டு முதலில் கெடுவது தறிக்காலின் அடியும் மிதிகட்டையும்தான். தறிக்காலை மண்ணில் புதைக்காமல் கல்லின்மேல் நிறுத்துதல், மழைநீர் குழியில் இறங்காமல் கொட்டகையைச் சுற்றி வரப்பிடுதல், வேலையில்லா நாளில் குழியைத் திறந்து காற்றாடவிடுதல் ஆகியவை செலவில்லாத காப்புக்கள். வெள்ளைமரம் எந்த இனமாயினும் விரைவில் கெடும்; நெடுநாள் நிற்பது வைரமே. ஆகையால் தறிக்காலுக்கு வெள்ளை நீக்கிய தேக்கு, வேங்கை போன்றவற்றின் வைரத்தையே கொள்ள வேண்டும்.

மரத்துக்கு மருந்தேற்றும் முறையிலும் நம் நாட்டுக்குப் பெருமை உண்டு. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சோந்தி காமேசம் என்பவர் செம்பு, குரோமியம், பாஷாணம் மூன்றையும் சேர்த்து 1933-இல் கண்ட ஆஸ்கு என்னும் மருந்து, பின்னர் உலகெங்கும் கம்பங்களுக்கும் தண்டவாளக் கட்டைகளுக்கும் பயன்பட்டது. அதில் பாஷாணம் இருப்பதால் வீட்டு உபயோக மரத்துக்கு அதனை இப்போது பல நாடுகள் அனுமதிப்பதில்லை. அத்தகைய மரத்தை அடுப்பில் எரிப்பதும் கூடாது. கூரைக்குள் இருக்கும் மூங்கிலுக்கும் மரத்துக்கும் போரிக் அமிலமும் வெண்காரமும் கலந்த கரைசல் போதும். ஆனால் அது மழையிலும் மண் ஈரத்திலும் கரைந்துபோகும்.

ஒருவர் தோப்பும் ஊரார் தோப்பும்

1904-இல் நியூயார்க் நகரத்து மிருகக்காட்சிச் சாலையில் சில செஸ்ட்நட் மரங்களின் பட்டையில் ஆரஞ்சு நிறப் பொட்டுக்களோடு கூடிய புண் காணப்பட்டது. ஆசியாவிலிருந்து வந்த மரக்கன்றுகளோடு வந்த பூசணம் அது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குள் கிழக்கு அமெரிக்கக் காடுகளில் 300 கோடிக்கு மேற்பட்ட மரங்கள் மடிந்தன. பெரும்பொருள் செலவிட்டும் நிறுத்த முடியவில்லை. காற்றிலும் பறவையின் காலிலும் செல்லும் வித்துக்கு மாகாண எல்லை தெரியுமா?

நம் தோப்புக்களின் வரப்பும் அத்தகையதே. மண்ணுக்கு மேலே வரப்பு உண்டு. மண்ணுக்குக் கீழே வேர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. ஒருவர் தம் தோப்பில் பள்ளம் தோண்டி, காய்ந்த மரத்தை எரித்து, எல்லாச் சிரத்தையும் எடுத்தாலும், அடுத்த தோப்புக்காரர் காய்ந்த மரத்தை நல்ல விலை வரட்டும் என்று நிறுத்தி வைத்தால் பயனில்லை. காய்ந்த மரத்தை அழிப்பதில் நட்டம் ஒருவருக்கு, நன்மை ஊருக்கு. அந்நட்டத்தை அவர் ஒருவரே சுமக்கவேண்டும் என்றால் அவர் தயங்குவது இயல்பே. இத்தகைய இடத்தில்தான் கூட்டுறவு தன் பெயருக்குத் தக்க வேலையைச் செய்யவேண்டும். நோயுற்ற மரத்தை வெட்டும் கூலியையும், பள்ளம் தோண்டும் உழைப்பையும் பக்கத்துத் தோப்புக்காரர்கள் பங்கிட்டுக்கொள்ளச் சங்கம் ஏற்பாடு செய்யலாம். மயில்துத்தமும் சுண்ணாம்பும் மழைக்கு முன்பே மொத்தமாக வாங்கி வைக்கலாம். ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும், அங்கத்தினர் நால்வர் சேர்ந்து ஊர்த் தோப்புக்களைச் சுற்றி வந்து, சந்தேகமுள்ள மரத்துக்குச் சுண்ணாம்பால் குறியிடலாம்.

இன்னதென்று தெரியாத நோயாயின் மாதிரி எடுத்து வேளாண்மை அல்லது வன அதிகாரிக்கு அனுப்புக. நல்ல பட்டையும் கெட்ட பட்டையும் சேரும் எல்லையிலிருந்து எடுத்த துண்டே சோதனைக்கு ஏற்றது; முழுதும் மடிந்த பட்டையில் வேறு பூசணங்கள் குடியேறி உண்மையை மறைத்துவிடும். காளான் கிடைத்தால் அது பற்றியிருந்த மரத்துண்டோடு எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் அடைத்தால் வியர்த்து அழுகிவிடும். காகித உறையே தக்கது. மரத்தின் பெயர், வயது, காளான் இருந்த இடம், கண்ட தேதி ஆகியவற்றை உறைமேல் எழுதுக. சந்தனம்போன்ற மரங்களாயின் நோயுற்றதாயினும் சட்டப்படி அனுமதி பெற்றே வெட்டவேண்டும்.

தோப்புக்குப் போகும்போது இனி மரத்தின் உச்சியை மட்டும் நோக்காமல், ஒவ்வொரு மரத்தின் அடியையும் ஒருமுறை சுற்றிப் பார்த்து, பட்டையை ஒருமுறை தடவி வாருங்கள். விரலில் கரிய தூள் ஒட்டினாலோ, வேரடியில் மெருகிட்ட காளான் கண்ணிற்பட்டாலோ, அன்றே பக்கத்துத் தோப்புக்காரரிடம் சொல்லுங்கள்; மறைத்து வைப்பதால் மரம் பிழைக்கப்போவதில்லை.